இரத்தக்கட்டு

வத்தேகம பஸ் தரிப்பிடத்தில் ஒரு த்ரீவீல்காரன் ஜெயராஜைப் பார்த்து, "அண்ணே, நீங்க இன்னமும் அந்தத் தடவுற வேலதானா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். சிரிப்பு முடிவதற்குள் அவனுடைய முன்பல் ஒன்று ரோட்டில் கிடந்தது. விஷயம் பொலிஸ் வரைக்கும் போனது. இரண்டு பக்கத்தாரும் பேசி, ஜெயராஜ் மன்னிப்புக் கேட்டு, ஒருவழியாகச் சமாதானமாயிற்று. அதோடு மனுஷன் வீட்டுக்குப் போனாரா? ஸ்டேஷன் வாசலிலேயே நின்று, வாயைப் பொத்திக்கொண்டிருந்த அந்த ஆளுக்குப் பாடம் நடத்தினார்.

"பூனையத்தான் தடவுவாங்க. நான் செய்யிறது நீவுறது, உருவுறது, அமுக்குறது, பிடிச்சி விடுறது. நாலும் நாலு வேல. தெரிஞ்சிக்கிட்டுப் பேசு."

இந்தக் கதையில் அடிதடிக்குப் பஞ்சமில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது மரியாதை.

ஜெயராஜுக்கு நாற்பத்தாறு வயது. ஆள் குள்ளம்; தோள் மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும். வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பதினெட்டு வயதில் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்து, மூன்று வருஷத்தில் இது நமக்குச் சரிவராது என்று மலையை விட்டு இறங்கியவர். கண்டியில் ஒரு ஹோட்டலில் துவாய் மடிக்கிற வேலை கிடைத்தது. மடித்த துவாயெல்லாம் எண்ணெய் தேய்க்கிற அறைக்குப் போனது. ஒருநாள் அங்கே ஆள் குறைந்தபோது துவாயோடு அவரையும் உள்ளே தள்ளிவிட்டார்கள். அங்கே கிடந்த நீள வாங்குப் பலகையில் ஒரு ஜெர்மன்காரர் குப்புறப் படுத்திருந்தார். ஜெயராஜ் பயந்துபோய் முதுகில் கையை வைத்தார். ஐந்து நிமிஷத்தில் ஜெர்மன்காரர் குறட்டை விட்டார். அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தப் பிழைப்பு.

பிறகு கட்டாருக்குப் போய் ஐந்து வருஷம் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை. அங்கே ஒவ்வொரு மசாஜ் முறையையும் தனித்தனியாகப் படிப்பித்து, பரீட்சை வைத்து, சட்டம் போட்ட சான்றிதழும் கொடுத்தார்கள். சுவீடிஷ் என்றால் எண்ணெய் விட்டு, நெஞ்சுப் பக்கமாக நீளநீளமாக நீவுவது. களைத்தவனுக்கும் தூக்கம் பிடிக்காதவனுக்கும் அது. டீப் டிஷ்யூ என்றால் முழங்கையை இறக்குவது. வருஷக்கணக்காக இறுகிப்போன சதைக்கு அது. தாய்லாந்து முறைக்கு எண்ணெயே கிடையாது. உடுப்போடு பாயில் போட்டு மடக்கி இழுப்பார்கள். தூரத்தில் நின்று பார்க்கிறவன் சண்டை என்று ஓடிவந்து விலக்குவான். சூடு பண்ணிய கல்லை முதுகில் அடுக்குவதும் ஒன்று உண்டு. அது பணக்காரர்களுக்கு, பாதி வேலையைக் கல்லே பார்த்துக்கொள்ளும் என்பது ஜெயராஜின் அபிப்பிராயம்.

உடம்பு பொய் சொல்லாது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். உடம்பு நன்றாகவே பொய் சொல்லும். தோள் வலிக்கிறது என்று வருகிறவனுக்குக் கோளாறு கழுத்தில் இருக்கும். முதுகு என்று வருகிறவளுக்கு இடுப்பில் இருக்கும். குண்டசாலையில் அவர் குடியிருந்த வீட்டு முன்னறையில் ஒரு வாங்கு கிடந்தது. மகியங்கனை ரோட்டில் பஸ் ஓட்டுகிற ஒருவர் மாதத்துக்கொரு தரம் வந்து அதில் விழுவார். கியர் போட்டுப் போட்டு இறுகின தோளை ஜெயராஜ் அரைமணி நேரம் அமுக்குவார். டிரைவர் எழும்பும்போது கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஏதோ புதுச் சாமான் கிடைத்த மாதிரி சந்தோஷப்படுவார். "இதால வருத்தம், நோய்நொடி சொகமாகாது சார். சதை இளகும், நல்லா தூங்குவீங்க, நோவு கொறயும். அவ்வளவுதான்" என்பார் ஜெயராஜ். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டிச் சொல்லமாட்டார். காய்ச்சல்காரனைத் தொடமாட்டார். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து சுடுகிறதா, விரல்கூட வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடுவார்.

அவர் மனைவி சுதர்சினி கார்மன்ட்ஸில் தைக்கிறவள். நாள் முழுக்கக் குனிந்து அவள் கழுத்து கல்லாகியிருக்கும். "ஊருக்கெல்லாம் பிடிச்சி விடுங்க, பொண்டாட்டி கழுத்து மட்டும் கடைசிப் பஸ்ஸு" என்று சாடை பேசுவாள். அவரும் எண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

வெளியே அவருக்கு நிரந்தர வேலை றக்பி கிளப்பில். மைதானம் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் ஊர் அதைப் பாலத்தடி கிளப் என்றே சொல்லும். கண்டிக்காரனுக்கு றக்பி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. எண்பது நிமிஷம் முப்பது ஆம்பிளைகள் சட்டப்படி அடித்துக்கொள்வார்கள். சட்டத்தை மீறினால்தான் விசில். காது கிழியும், மூக்கு உடையும், தோள் மூட்டுக் கழன்று தொங்கும். பார்க்க வந்தவர்கள் படியில் நின்று இன்னும் கொடு, இன்னும் கொடு என்று கத்துவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் ஜெயராஜ் வேகமாகவும் மேலோட்டமாகவும் தட்டித் தேய்த்துச் சதையை எழுப்பிவிடுவார். ஆட்டம் முடிந்து வருகிறவர்களுக்கு மெதுவாக, கால் நுனியிலிருந்து மேலே மேலே நீவுவார். தடியன்கள் அந்த வாங்கில் படுத்தால் பச்சைப்பிள்ளைகள்தான். சிலர் சத்தமில்லாமல் அழுததையும் அவர் பார்த்திருக்கிறார்.

அந்தத் தடியன்களில் ஒருவன் முனாஸ். இருபத்து நான்கு வயது, தெல்தெனியப் பக்கம். வாப்பா இல்லை. உம்மாவுக்குப் பேர் சித்தி றலியா, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்து அவனை வளர்த்தவர். அவன் ஓடிவந்து மோதினால் மோதப்பட்டவன் எழும்பக் கொஞ்ச நேரமாகும். அந்த வருஷம் அவனுக்கு ஒரு வழி திறந்தது. அரசாங்கத் துறை ஒன்றின் அணிக்கு ஆள் எடுக்க, சனிக்கிழமை நடக்கும் இறுதி ஆட்டத்தைப் பார்க்க மூன்று பேர் கொழும்பிலிருந்து வருகிறார்கள். பிடித்துப்போனால் அணியில் இடம், இடத்தோடு நிரந்தர உத்தியோகம். கிளப் முழுக்க அதே பேச்சாக இருந்தது.

வியாழக்கிழமைப் பயிற்சியில் எதிரே வந்தவனின் முழங்கால் முனாஸின் வலது தொடையில் இறங்கியது. தொடை எலும்பே முறிந்தது என்று எல்லோரும் ஓடினார்கள். முறியவில்லை. ஆனால் அரைமணி நேரத்தில் தொடை வீங்கிப் பலகையாகிவிட்டது. ஜெயராஜ் ஐஸ் வைத்துத் துணி சுற்றினார். முழங்காலைப் பாதிக்குமேல் மடக்க முடியவில்லை. 

தமிழில் அதற்கு இரத்தக்கட்டு என்று பேர். வம்பே அந்தப் பேரில்தான் இருக்கிறது. கட்டு என்று சொன்ன உடனே அதை அவிழ்க்கவேண்டும் என்று கை பரபரக்கிறது. எந்தத் தோட்டத்து லயத்து வீடுகளில் கேட்டாலும் ஒரே பதில்தான்: ரத்தம் கட்டியிருக்கா, சுடச்சுட எண்ணெய் போட்டு உருவிக் கலைச்சி விடு. முனாஸின் வீட்டிலும் அதே பேச்சுத்தான். ஆனால் அது அவிழ்க்கிற முடிச்சு இல்லை. உள்ளே சதை கிழிந்து இரத்தம் கசிந்து நிற்கிற இடம். அதை ஐஸ் வைத்து அசையாமல் விடவேண்டும். முதல் நாட்களில் உருவினால் மறுபடியும் கசியும். இன்னும் மோசமாய்ப் போனால் அந்தச் சதைக்குள் எலும்பு முளைக்கும்.

எலும்பு முளைக்கும் என்பது ஜெயராஜ் புத்தகத்தில் படித்தது மட்டுமில்லை. அவருடைய தம்பி சதீஸ் வத்தேகமச் சந்தையில் லொத்தர் சீட்டு விற்கிறான். கட்டாரிலிருந்து அண்ணன் சான்றிதழோடு வந்திறங்கிய வருஷம், இரண்டு தோட்டங்களுக்கிடையே நடந்த வொலிபோல் ஆட்டம் கைகலப்பாக மாறி, யாரோ வலைக் கம்பத்தைப் பிடுங்கிச் சதீஸின் தொடையில் அடித்தான். சான்றிதழ்காரர் சும்மா இருப்பாரா? பத்து நாள், காலையும் மாலையும், சூடான எண்ணெயை ஊற்றி முழங்கையால் உருவினார். தம்பி துவாயைக் கடித்துக்கொண்டு அலறினான். லயமே வாசலில் கூடி நின்று, ஜெயராஜு கையில வித்த இருக்குப்பா என்று மெச்சியது. புதுக் காயத்தைத் தொடாதே என்று அவருடைய புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது. இங்கிலீஷில் இருந்ததால் சொல்லை மட்டும் மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதியவர், அந்தச் சொல்லும் தம்பியின் இரத்தக்கட்டும் ஒன்றுதான் என்று அப்போது அறியவில்லை. இரண்டு மாதம் கழித்து எக்ஸ்ரேயில் தொடைச் சதைக்குள் ஒரு புது எலும்பு தெரிந்தது. சதீஸால் இன்றுவரை குந்த முடியாது. கக்கூஸில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் எல்லாம். அதற்காக அவன் அண்ணனை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் ஜெயராஜுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை கிளப் மெனேஜர் ஜெயராஜை உடுப்பு மாற்றும் அறைக்குக் கூப்பிட்டார். முன்னாள் இராணுவக்காரர், பெரிய உருவம். முனாஸ் வாங்கில் படுத்திருந்தான். முன்வரிசைத் தடியன்கள் இரண்டு பேர் கதவடியில் நின்றார்கள்.

"நாளைக்கு இவன் விளையாடணும். அந்தக் கட்டை உருவிக் கலைத்துவிடு" என்று மெனேஜர் சிங்களத்தில் சொன்னார்.

"முடியாது மஹத்தயா. இப்ப உருவினா கால் போய்விடும். ஆறு வாரமாவது விடணும்" என்று ஜெயராஜும் சிங்களத்திலேயே சொன்னார்.

"நீ டொக்டரா?"

"இல்லை."

"அப்ப வாயை மூடிக்கொண்டு உருவு."

ஜெயராஜ் கையைக் கட்டிக்கொண்டார். மெனேஜரின் அறை கன்னத்தில் விழுந்தது. காதுக்குள் கூவியது. ஜெயராஜும் கோபம் மூக்கு நுனியில் இருக்கிற ஆள்தானே, திருப்பி ஒன்று விட்டார். மெனேஜரின் கண்ணாடி பறந்தது. அடுத்த நொடி தடியன் ஒருவன் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு சேர்த்துத் தூக்கினான். கால் தரையில் படவில்லை. மற்றவன் வயிற்றில் இரண்டு குத்து விட்டான். இவர்களுடைய முதுகையெல்லாம் தன் கையால் இளக்கிவிட்டோமே என்றுதான் ஜெயராஜ் அப்போது நினைத்தார். எரிச்சலாக வந்தது.

"வுடுங்கடா அந்த மனிசன!" என்று முனாஸ்தான் கத்தினான். விட்டார்கள்.

அன்று பின்னேரம் முனாஸ் நொண்டிக்கொண்டு குண்டசாலை வீட்டுக்கு வந்தான். சுதர்சினி கதிரையைப் போட்டாள். அவன் உட்காரவில்லை, காலை மடக்க முடிந்தால்தானே.

"அண்ணன், ஒங்களுக்கு என்னோட என்ன கோவம்? ஒரேயொரு தரம் உருவி வுடுங்க. நாளைக்கி ஓடினாக் காணும். அதுக்குப் பொறவு என்ன வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

ஜெயராஜ் மறைக்கவில்லை. சதீஸின் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். பத்து நாள், முழங்கை, எக்ஸ்ரே, கக்கூஸ் கதவு, எல்லாவற்றையும் சொன்னார். அதுவரைக்கும் வெளியாளிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை. 

முனாஸ் தலையைக் குனிந்து கேட்டான். பிறகு, "அது ஒங்கட தம்பிட விதி அண்ணன்" என்றான். "எண்ட உம்மாக்கு விடியக்காலம் மூணு மணிக்கி எழும்பி இடியப்பம் புழிஞ்சி கை ரெண்டும் முறுகிப் போய் ஈக்கிது. எனக்கு அந்த வேல வேணும். நீங்க செய்யாட்டி வேற ஆள் செய்வான். எப்பிடியும் நாளைக்கி நான் எறங்குவேன்."

"எறங்கினா இன்னொருத்தன் அதே எடத்துல இடிப்பான். அதோட முடிஞ்சிச்சி தம்பி. பொறவு வேல கெடச்சும் என்னா செய்யப் போற?"

"அது எண்ட கால்" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். சுதர்சினி கதிரையை உள்ளே இழுத்தாள். "அவன் சொல்றதும் ஞாயந்தானேங்க" என்றாள். ஜெயராஜுக்கும் அது ஞாயமாகத்தான் பட்டது. அதனால்தான் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை மைதானம் நிரம்பி வழிந்தது. மெனேஜருக்கு வேறு ஆள் கிடைக்காததால் ஜெயராஜை வரவேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. மற்றப் பதினான்கு பேரின் காலை யார் பார்ப்பது? ஆட்டத்துக்கென்று வந்த டொக்டர் பாலாம்பிகை யாழ்ப்பாணத்துக்காரி, மெலிந்த மனுஷி. முதலில் நடந்த ஜூனியர் ஆட்டத்தில் புருவம் பிளந்தவனுக்கு உடுப்பு மாற்றும் அறையின் மூலையில் நின்று தையல் போட்டுக்கொண்டிருந்தார். ஜெயராஜ் அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னார்.

டொக்டர் தையலை விடாமல் தலையைத் திருப்பி, "முனாஸ், தொடையிலே நோவு இருக்கோ?" என்று கேட்டார்.

"இல்ல டொக்டர். சும்மா தட்டுப்பட்டது." முனாஸ் தொடை முழுக்க இறுக்கி பண்டேஜ் சுற்றியிருந்தான். விழுங்கியிருந்த மாத்திரைகளின் தைரியத்தில் இடத்திலேயே இரண்டு தரம் துள்ளியும் காட்டினான். முகத்தில் வியர்வை வழிந்தது. மெனேஜர் இங்கிலீஷில் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"அவர் இல்லையெண்டெல்லோ சொல்லுறார்" என்றார் டொக்டர். "இதை முடிச்சிட்டுப் பாக்கிறன், பொறுங்கோ."

மெனேஜர் பொறுக்கவில்லை. வரிசையாக வாருங்கள், கடைசியாக ஒருதரம் தேய்த்துக்கொண்டு இறங்குவோம் என்று கைதட்டினார். டொக்டர் தையலை முடிப்பதற்குள் அவனை மைதானத்தில் இறக்கிவிடவேண்டும் என்பதுதான் அவர் எண்ணம். எல்லோரையும் முந்திக்கொண்டு முனாஸே வந்து ஜெயராஜின் வாங்கில் குப்புறப் படுத்தான். மெதுவாக, கெஞ்சுகிற குரலில், "உருவுங்க அண்ணன்" என்றான்.

ஜெயராஜ் எண்ணெய் தொட்டார். கெண்டைக்காலை நீவினார். தொடையில் கையே வைக்கவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவனுக்கும் செய்கிற கடைசி வேலை ஒன்று உண்டு: கணுக்காலைப் பிடித்து, முழங்காலை மடக்கி, குதிகாலைக் குண்டியில் தொடவைப்பது. நல்ல காலென்றால் சட்டென்று தொடும். முனாஸின் கணுக்காலை அவர் தூக்கினார். பாதித் தூரத்தில் கால் நின்றுவிட்டது. முனாஸ் வாங்கின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தான். சத்தம் வரவில்லை. சத்தம் வராவிட்டால் அவன் இறங்கிவிடுவான்.

தம்பியின் கால் போனதிலிருந்து பதினைந்து வருஷமாக ஒருத்தருடைய காலையும் நிற்கிற இடத்துக்கு அப்பால் தள்ளாதவர், அன்றைக்குத் தெரிந்தே ஒரு விரற்கடை தள்ளினார்.

முனாஸ் போட்ட அலறலில் படியில் இருந்தவர்களே திரும்பிப் பார்த்தார்களாம். இடுப்பு வாங்கை விட்டு எழும்பியது. டொக்டர் பாலாம்பிகை ஊசியை வைத்துவிட்டு ஓடிவந்தார். பண்டேஜை வெட்டினார். உள்ளே தொடை நாவல்பழ நிறத்தில் இருந்தது. "ஆர் இவரை விளையாட விடச் சொன்னது?" என்று கத்தினார்.  அவர் தாளை எடுத்து, ஆட முடியாது என்று எழுதிக் கையெழுத்து வைத்து, நடுவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

முனாஸ் வாங்கில் எழும்பி உட்கார்ந்தான். ஜெயராஜ் பக்கத்திலேயே நின்றார், தப்பிப் போக நினைக்கவில்லை. முனாஸ் அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து, நெற்றியால் முகத்தில் இடித்தான். மூக்கு உடைகிற சத்தம் ஜெயராஜுக்கு நன்றாகக் கேட்டது. இன்னொன்று இடித்தான். இரத்தம் வாய்க்குள் போனது. "நீங்க மனிசனா? நீங்க மனிசனா?" என்று கேட்டுக்கேட்டு இடித்தான். மற்றவர்கள் விலக்கியது அவன் ஓய்ந்த பிறகுதான்.

பாலத்தடி கிளப் மூன்று புள்ளியில் தோற்றது. கொழும்பிலிருந்து வந்த மூன்று பேரும் எதிரணியில் ஒருவனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார்கள். அலறல் கதை ஆட்டம் முடிய முன்னமே கூட்டத்துக்குள் பரவிவிட்டது. மசாஜ்காரன் எதிரணியிடம் கைநீட்டி வாங்கிக்கொண்டு முனாஸின் காலை முறித்துவிட்டானாம். பாலத்தில் வைத்து ஏழெட்டுப் பேர் ஜெயராஜைப் பிடித்தார்கள். கொடிக் கம்பு உடையும்வரை முதுகில் அடித்தார்கள். விழுந்த பிறகு உதைத்தார்கள். அவர் இரண்டு கையையும் வயிற்றுக்கடியில் செருகிக் குப்புறக் கிடந்தார். விலா போனால் போகட்டும், கை போனால் கஞ்சிக்கு வழியில்லை. விலா எலும்பு இரண்டு போனது.

ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலோரத்தில் சுதர்சினி ஐஸ் பையோடு உட்கார்ந்து அழுதாள். "நல்லது பண்ணிப்புட்டு இப்பிடி மிதி வாங்குன ஆள நான் பாத்ததே இல்ல. கொஞ்சம் பிடிச்சி விடவா?"

"தொடாத" என்றார் அவர். "ஒடஞ்ச எடத்துல கை வைக்கக் கூடாது." அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கப்போய் அவருக்கு விலா நொந்தது.

கிளப் வேலை போயிற்று. முன்னறை வாங்குக்கு வருகிறவர்களும் குறைந்தார்கள். பஸ் டிரைவர் மட்டும் ஊர்ப் பேச்சைக் காதில் போடாமல் வந்தார். விலா பொருந்த இரண்டு மாதமாயிற்று. அதையெல்லாம் ஜெயராஜ் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாதது ஒன்றுதான். அந்தக் கால் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை. தான் தள்ளிய அந்த ஒரு விரற்கடை உள்ளே என்ன செய்ததோ என்று நினைத்து நினைத்து, தன்னுடைய முழங்காலையே மடக்கி மடக்கிப் பார்ப்பார். டொக்டர் பாலாம்பிகையை ஆஸ்பத்திரியில் தேடிப் போய்க் கேட்டார். "ரெண்டு தரம் கிளினிக்குக்கு வந்தவர், பிறகு வரேல்லை" என்றார் அவர். முனாஸின் வீட்டுக்குப் போன் எடுத்தால், சித்தி றலியா இவர் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார். குறை சொல்ல முடியுமா அந்தத் தாயை?

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், தோள் மூட்டு இறுகிப்போன ஒரு ரிட்டயர்ட் டீச்சரம்மாவுக்குப் பிடித்துவிட ஜெயராஜ் தெல்தெனிய பஸ்ஸில் போய் இறங்கினார். சந்தைக்கு முன்னால் மரக்கறி லொறி ஒன்று நின்றது. மேலே நின்று மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவன் முனாஸ். தாடி வளர்ந்திருந்தது, முதுகில் உருளைக்கிழங்குச் சாக்கு. ஜெயராஜ் பார்த்தார். அவனும் பார்த்தான்.

சாக்கைத் தட்டிலேயே போட்டுவிட்டு அவன் லொறியிலிருந்து குதித்தான். இரண்டு காலிலும் சமமாக விழுந்தான். ஓடிவந்தான். ஓடிப் போ என்று ஒரு மரக்கறிக்காரி ஜெயராஜைப் பார்த்துக் கத்தினாள். இரண்டு பக்கமும் கடை, நடுவில் வழி இருந்தது, ஓடியிருக்கலாம். அவர் ஓடவில்லை. வருகிறவனின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. வலது முழங்காலை மட்டும் பார்த்தார். அது இடுப்பு வரைக்கும் உயர்ந்து உயர்ந்து வந்தது.

உதை நெஞ்சில் விழுந்தது, அந்த வலது காலால்தான். மல்லாந்து தக்காளிக் கூடைகளுக்கு நடுவே விழுந்தார். பொருந்திய விலா மறுபடி சுள்ளென்றது. மூச்சு எடுக்க முடியவில்லை. முனாஸ் மேலே வந்து நின்று, மிதிக்கக் காலைத் தூக்கினான்.

"நல்லா மடக்கு தம்பி" என்றார் ஜெயராஜ், வந்த மூச்சில். "இன்னுங் கொஞ்சம். நோவுதா?"

தூக்கிய கால் அப்படியே நின்றது. முனாஸுக்கு விளங்கவில்லை. கீழே கிடக்கிறவர் கண்ணில் நீர் ஓட, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. சந்தையில் கூடின கூட்டம் இந்த மனுஷனுக்குப் பைத்தியமா என்று பார்த்தது.

"செல்லுங்க தம்பி, நோவுதா?" என்று அவனுடைய பேச்சிலேயே மறுபடியும் கேட்டார்.

"இல்ல" என்றான் முனாஸ்.

காலை இறக்கினான்.  பிறகு அவருக்குப் பக்கத்திலேயே, நசுங்கின தக்காளிக்குள், இரண்டு முழங்காலும் நெஞ்சில் முட்டும்படி குந்தி உட்கார்ந்து, தோள் குலுங்க அழத் தொடங்கினான்.

"அந்த வேலக்கிப் பென்சன் ஈந்திச்சி அண்ணன்" என்றான்.

ஜெயராஜ் கிடந்தபடியே கையை நீட்டி, அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டார்.